‘தி பேட்மேன்’ ஒன்பது வயசுக்கு ஆகுமா? இருட்டான சூப்பர்ஹீரோ படங்கள்: ஒரு விவாத இழை

மின்மினி_27:
2022-இல் வந்த ‘தி பேட்மேன்’ படத்தை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீட்டில் போட்டுக் காட்டலாமா? ஓடும் நேரம் 176 நிமிடம். வயதுச் சான்றிதழ் அமெரிக்காவில் பி.ஜி.-13, பிரிட்டனில் 15. ஒரே படத்துக்கு ஏன் இரண்டு வயது, இதில் எதை நம்புவது? “அது பிள்ளையைப் பொறுத்தது” என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

கத்தரிக்கோல்:
ஆகாது.

வயது ஏன் மாறுகிறது என்றால், தராசே வேறு. அமெரிக்க மதிப்பீட்டுக் குழுவில் உட்காருபவர்கள் பெற்றோர்கள். எண்ணிச் சொல்லக்கூடிய விஷயங்களுக்குத்தான் அங்கே கனம் அதிகம்: ரத்தம் எவ்வளவு, நிர்வாணம் உண்டா, எஃப்-இல் தொடங்கும் அந்த ஆங்கிலக் கெட்ட வார்த்தை எத்தனை தடவை. ஒரு தடவை வந்தால் பி.ஜி.-13 தாங்கும், அதற்கு மேல் போனால் பெரும்பாலும் அதைவிடக் கடுமையான ஆர் சான்றிதழ்தான். பிரிட்டனில் படங்களுக்கு வயதுச் சான்றிதழ் தரும் பி.பி.எஃப்.சி. வாரியம் இவற்றோடு படத்தின் ஒட்டுமொத்தத் தொனியையும், அது மனசில் விட்டுப்போகும் பாரத்தையும் கணக்கில் சேர்க்கும். இந்தப் படத்தில் ரத்தம் குறைவு, பாரம் அதிகம். அதனால்தான் அங்கே 15.

இன்னொன்றும் உண்டு. பி.ஜி.-13 வெறும் எச்சரிக்கைப் பலகை, தியேட்டர் வாசலில் யாரையும் நிறுத்தாது. ஆர் படத்துக்குக்கூட அப்பாவோ அம்மாவோ கூட வந்தால் ஐந்து வயதுக் குழந்தையும் உள்ளே போகலாம். பிரிட்டனின் 15 அப்படி இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளை பெற்றோரோடு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடுமையாக எடை போட்ட தராசு எதுவோ அதைத்தான் பிள்ளை விஷயத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வௌவால்_குகை:
கத்தரியாரே, அந்தத் தராசு எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். 1984-இல் ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க் கைபட்ட இரண்டு படங்களைப் பார்த்துவிட்டுப் பெற்றோர்கள் கொதித்ததும், பி.ஜி.-க்கும் ஆருக்கும் நடுவே பி.ஜி.-13 என்று ஒரு படியை அவசரமாகச் செருகினார்கள். பிரிட்டனில் 12 என்ற சான்றிதழை முதலில் வாங்கியது 1989-இல் வந்த ‘பேட்மேன்’. 2002-இல் ‘ஸ்பைடர்மேன்’ 12 வாங்கியது, சின்னப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. இரண்டே மாதத்தில் 12ஏ என்ற புதுச் சான்றிதழ் வந்தது, பெரியவர் கூட இருந்தால் உள்ளே போகலாம் என்றார்கள். ஜூனில் கெடுதலாக இருந்த படம் ஆகஸ்டில் நல்லதாகிவிட்டதா?

கத்தரிக்கோல்:
பாதிக் கதையை மட்டும் சொல்கிறீர்கள் குகையாரே. 12ஏ யோசனையை நார்விச் நகரத்தில் 2001-லேயே வெள்ளோட்டம் விட்டுப் பார்த்திருந்தார்கள். ஸ்பைடர்மேனுக்காக ராத்திரியோடு ராத்திரியாக எழுதிய விதி அல்ல அது. அதன் அர்த்தமும் “படம் நல்லது” என்பதல்ல, “இனி பொறுப்பு உங்களுடையது” என்பதுதான். 2008-இல் ‘தி டார்க் நைட்’ 12ஏ வாங்கியபோது அந்த வாரியத்துக்குப் புகார் குவிந்ததே, அது இந்த வித்தியாசம் மக்களுக்குப் புரியாததால்தான்.

வௌவால்_குகை:
புகார் குவிந்தும் வாரியம் சான்றிதழை மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கலாம்.

ஏட்டுச்சுரை:
சான்றிதழ்ச் சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகள் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது வயதோடு மாறுகிறது. சூப்பர்ஹீரோவை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். ஜோஆன் கேன்டர், கிளென் ஸ்பார்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்காரர்கள் அதிகம் மிரண்டது, மனிதன் பச்சை உருவமாக மாறும் இடத்திலும் அதற்குப் பிறகும். நல்லவன்தான் மாறுகிறான், காப்பாற்றத்தான் வருகிறான் என்பதெல்லாம் அவர்களுக்கு எட்டவில்லை. ஒன்பதிலிருந்து பதினொன்று வயதுக்காரர்களுக்கோ பயம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, யாரோ ஆபத்தில் மாட்டியிருக்கும் காட்சியில்.

அதாவது சின்னதுகளுக்குத் தோற்றம். எட்டு வயதைத் தாண்டியதுகளுக்கு “இது நிஜமாக நடக்குமா?” என்ற கேள்வி.

இதை மின்மினியின் படத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஐந்து வயதுக்கு ‘வெனம்’ போன்ற படம் மோசம். பல்லும் நாக்குமே போதும். ஒன்பது வயதுக்கு வெனமைவிட ‘தி பேட்மேன்’ வில்லன் ரிட்லர் மோசம். அவனுக்கு எந்த அபூர்வ சக்தியும் கிடையாது. முகமூடி மாட்டிய சாதாரண மனுஷன். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு வீட்டைத் தொலைநோக்கியில் பார்க்கிறான். வீட்டுக்காரரான மேயர் தனியாக இருக்கும்போது அவருக்குப் பின்னால் இருட்டில் வந்து நிற்கிறான். கொலையான மேயரை முதலில் பார்ப்பது அவருடைய சின்ன மகன். ஒன்பது வயது மனசுக்கு இதில் “நடக்காத விஷயம்” என்று தள்ளிவிட எதுவுமே இல்லை. வேற்றுக்கிரகப் படை நகரத்தையே தரைமட்டமாக்கும் படங்களை இதே பிள்ளை அலட்டிக்கொள்ளாமல் பார்த்துவிட்டுப் போய்விடும்.

வௌவால்_குகை:
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பேரிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் :) வீட்டில் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் இதை வைத்து என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரை:
முதலில் பெரியவர் மட்டும் படத்தை முழுக்கப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ரத்தத்தைத் தேடக் கூடாது. நான் தேடச் சொல்வது வேறு. அடிபடுவது யார்? அப்பா, அம்மா, குழந்தை என்றால் மற்ற எல்லாவற்றையும்விட அது பெரிசு. எங்கே நடக்கிறது? இல்லாத ஊரின் கூரைமேல் என்றால் பரவாயில்லை, படுக்கையறையிலோ வீட்டுக் கூடத்திலோ என்றால் யோசிக்க வேண்டும். ஆபத்து அந்தக் காட்சிக்குள்ளேயே தீர்கிறதா, அரைமணி நேரம் தொங்கலில் நிற்கிறதா? கடைசியில் வில்லன் என்ன ஆகிறான்?

‘தி டார்க் நைட்’ படத்தில் எல்லாரும் பேசுவது, வில்லன் ஜோக்கர் ஒருவன் தலையைப் பென்சிலில் மோதிக் கொல்லும் காட்சி. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ரத்தமும் தெரியாது. பத்து வயதுப் பிள்ளைகள் பல பேர் சிரித்துவிட்டே போவார்கள். ஆனால் ஜோக்கர் தன் வாய்த் தழும்புக்குச் சொல்லும் முதல் கதையைக் கவனியுங்கள். குடிகார அப்பா, அம்மாமேல் பாயும் கத்தி, பிறகு பிள்ளையின் முகத்துக்குத் திரும்பும் கத்தி. திரையில் இது எதுவும் இல்லை, வெறும் பேச்சு. கடைசிக் காட்சியில் பாதி முகம் கருகிய ஒருவர், பெற்றோரின் கண்முன்னே ஒரு சிறுவனைத் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறார். பிள்ளையோடு படுக்கைவரை போவது இந்த இரண்டும்தான். சொட்டு ரத்தமும் தேவைப்படவில்லை.

கத்தரிக்கோல்:
இதில் சுரையாரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் முன்கூட்டிப் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டி ஓட்டித்தான் பார்க்கிறார்கள். சண்டை வந்தால் நிறுத்திப் பார்ப்பது, பேச்சு வந்தால் ஓட்டிவிடுவது. அப்படிப் பார்த்தால் ‘தி பேட்மேன்’ படத்தில் மிக மோசமான இடமே தப்பிவிடும். ஒரு பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் சத்தம் கைபேசிப் பதிவாக வருகிறது. காட்சியில் இருப்பதோ நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகம் மட்டும். ஓட்டும்போது யாரோ நின்று பேசுகிற மாதிரிதான் தெரியும்.

பெற்றோர் வழிகாட்டித் தளங்களிலும் இதே ஓட்டைதான். எத்தனை குத்து, எத்தனை கெட்ட வார்த்தை என்று பட்டியல் நீளும். எலிக்கூண்டில் தலை மாட்டிய ஆள் பட்டியலில் ஒரு வரி, குண்டு கட்டிய கழுத்துப்பட்டையோடு வருபவர் இன்னொரு வரி. அதை எத்தனை நேரம் காட்டுகிறார்கள், அப்போது யாருடைய முகத்தில் கேமரா நிற்கிறது என்பது எதிலும் இருக்காது.

ஒலிப்பெட்டி:
எல்லாரும் படத்தைப் பார்க்கிறீர்கள், காதை மறந்துவிட்டீர்கள். பயத்தில் பாதி சத்தம்தான்.

தியேட்டரில் ஒவ்வொரு திரை ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்கு அளந்து வைப்பார்கள். உச்சத்தில் ஒவ்வொன்றும் 105 வரை போக இடம் உண்டு, அதிர வைக்கும் தாழ்ந்த சத்தத்துக்கான தனித்தடம் 115 வரை. அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டில் இறங்கும்போது சின்ன உடம்புக்குக் கதை புரியாமலே பயம் புரிந்துவிடும். இந்த வகைப் படத்தை முதல் தடவை வீட்டில் காட்டுங்கள் என்பது அதனால்தான்.

வீட்டில் நடக்கும் தப்பு வேறு. இந்தப் படத்தில் எல்லாரும் கிசுகிசுப்பாகப் பேசுகிறார்கள். வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவீர்கள், அடுத்த நிமிடம் வெடி வெடிக்கும். அதற்கு டிவியிலோ சவுண்ட்பாரிலோ ‘நைட் மோட்’ என்று இருக்கும், அதைப் போடுங்கள். உரத்த சத்தம் அடங்கி மெல்லிய சத்தம் மேலே வரும். அந்த அதிர்வுச் சத்தத்துக்கான சப்வூஃபர் பெட்டியை அணைத்துவிடலாம். வசன வரிகளை ஓடவிடுங்கள்.

வெளிச்சம் ஒரு தொல்லை. பயமாக இருக்கும் என்று அறை விளக்கு முழுவதையும் போட்டால், படமே கருப்பு என்பதால் திரையில் ஒன்றும் தெரியாது. பிள்ளை எழுந்து போய் டிவிக்கு முன்னால் உட்காரும். அது இன்னும் மோசம். டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன விளக்கு போதும். பகலில் போடுவது உத்தமம்.

மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடிய பிள்ளை என்றால் வயதுச் சான்றிதழ் உதவவே உதவாது. ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ குழந்தைகள் படம், 2018-இல் அதற்கே தியேட்டர் வாசலில் எச்சரிக்கை ஒட்ட வேண்டிவந்தது.

மின்மினி_27:
சரி, போட்டுவிட்டோம், நடுவில் பிள்ளை பயந்துவிட்டது. நிறுத்துவதா, முடிப்பதா?

வௌவால்_குகை:
முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பிள்ளையின் மனசுக்குள் வில்லன் இன்னும் வெளியே திரிகிறான். பிடிபடும் காட்சியைப் பார்க்காமல் தூங்கப் போகிற பிள்ளைதான் ராத்திரி எழுந்து உட்காரும்.

கத்தரிக்கோல்:
இது ஆபத்தான யோசனை. வில்லன் பிடிபட்டால்தானே அந்தக் கணக்கு? இங்கே ரிட்லர் அகப்பட்ட பிறகுதான் நகரம் வெள்ளத்தில் மூழ்குகிறது, அவனுடைய ஆட்கள் துப்பாக்கியோடு ஓர் அரங்கத்தின் கூரைக்கு அடியில், உயரத்தில் காத்திருக்கிறார்கள். கடைசியில் சிறைக்குள்ளேயே அவனுக்கு ஒரு கூட்டாளி கிடைக்கிறான், இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். பயந்த பிள்ளையை இழுத்துப் பிடித்து உட்காரவைத்து இந்த முடிவைத்தான் காட்டப் போகிறீர்களா?

ஏட்டுச்சுரை:
இருவர் சொல்வதிலும் பாதி சரி. திரையை அணையுங்கள், கதையை மட்டும் வாயால் முடித்துவிடுங்கள். “அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள், பேட்மேன் வெளிச்சம் காட்டி எல்லாரையும் தண்ணீரிலிருந்து வெளியே கூட்டிவந்தான்.” இரண்டு வாக்கியம், பொய்யும் இல்லை.

தேற்றும் விதமும் வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்குக் கீழே “இது நிஜம் இல்லை” என்பது வேலை செய்யாது. பக்கத்தில் இழுத்து உட்காரவைப்பது, கையில் ஏதாவது பிடித்துக்கொள்ளக் கொடுப்பது, இடத்தை மாற்றுவது, இதெல்லாம்தான் எடுபடும். ஒன்பது வயதுக்கு விளக்கம் வேலை செய்யும், ஆனால் மொட்டையாகச் சொன்னால் அல்ல. எப்படி எடுத்தார்கள், முகம் முழுக்க ஒட்டுநாடா சுற்றிக் கிடக்கும் மேயர் ஒரு நடிகர், சத்தத்தைப் பிறகு சேர்த்தார்கள் என்று விவரமாகச் சொன்னால் பிடித்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது மறுநாளிலிருந்து: விளக்கை அணைக்கவிடாமல் அடம், தனியாகக் கழிப்பறைக்குப் போக மறுப்பது, காரணமில்லாத வயிற்றுவலி, கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பது. “எனக்குப் பயமே இல்லை” என்று படம் முடிந்ததும் சொன்னதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வௌவால்_குகை:
வாயால் முடிக்கும் யோசனையை ஏற்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் நல்லதே இல்லை என்பதுபோல இழை போகிறது. “நான்தான் பழிவாங்கல்” என்று ஆரம்பத்தில் மார்தட்டும் ஹீரோ, அதே வார்த்தையை வில்லனின் ஆள் ஒருவன் வாயிலிருந்து கேட்டு அதிர்கிறான். பழிவாங்குவது வேறு, காப்பாற்றுவது வேறு என்று அவனுக்கு அங்கேதான் உறைக்கிறது. அடித்துப் பறக்கவிடும் கலகலப்பான படங்களில் இது எங்கே கிடைக்கும்? அங்கே நூறு பேர் சாவான், ஒருவர் முகமும் நினைவில் நிற்காது.

கத்தரிக்கோல்:
அந்த இடம் பிடிபடும் வயதில் காட்டுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஒன்பது வயதில் அது வெறும் ஒரு வரி வசனம். பதின்மூன்றில் அதுதான் படமே.

மின்மினி_27:
அப்படியானால் அதுவரை எதைக் காட்டுவது?

வௌவால்_குகை:
2017-இல் வந்த ‘லெகோ பேட்மேன்’, 2018-இன் ‘ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன். இரண்டும் பி.ஜி. இரண்டாவதில் ஹீரோவுடைய அப்பாவின் சகோதரர் சாகிறார், ஆனால் படம் பிள்ளையை அழவிட்டுத் தேற்றிவிட்டுத்தான் மேலே நகர்கிறது. அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கு என்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். 2016-இல் வந்த ‘தி கில்லிங் ஜோக்’கும் பேட்மேன் அனிமேஷன்தான், வாங்கியது ஆர். 2017-இன் ‘லோகன்’ படத்தில் பதினொரு வயதுச் சிறுமிதான் ஆட்களை வெட்டிச் சாய்க்கிறாள். போஸ்டரில் பிள்ளை முகம் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

‘தி டார்க் நைட்’ பதினொன்றில், பெரியவர் கூட உட்கார்ந்தால், சரி.

கத்தரிக்கோல்:
பன்னிரண்டு.

வௌவால்_குகை:
ஒரு வருஷத்துக்காக உங்களோடு மல்லுக்கட்ட மாட்டேன். ஆனால் பதினொன்றுதான்.

ஒலிப்பெட்டி:
எந்த வயதில் போட்டாலும் 176 நிமிடத்தை ஒரே மூச்சில் போடாதீர்கள். பாதியை ஒட்டி, பெங்குவின் என்ற வில்லனைத் துரத்தும் கார்க் காட்சி முடியும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே ஒரு விவகாரம் முடிந்து மூச்சுவிட இடம் இருக்கிறது. ரிட்லரின் வீடியோ ஏதாவது ஓடி முடிந்த கையோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மறுநாள்வரை அந்த முகம்தான் நிற்கும்.