வளைகாப்பா, வலைகாப்பா?

மாலை 6.10
நான்: அக்கா வளைகாப்பு அழைப்பிதழ் ப்ரூஃப் வந்துவிட்டது. எல்லாரும் ஒருமுறை பாருங்கள். இன்று இரவே 150 அடிக்கச் சொல்ல வேண்டும்.

அக்கா: கிளிப்பச்சை அருமை! சரி என்று சொல்லிவிடு.

அத்தை: கொஞ்சம் பொறு கண்ணு. தலைப்பைப் படித்தீர்களா? 'வலைகாப்பு' என்று இருக்கிறது.

தம்பி: அச்சகத்தில் தப்பாக அடித்துவிட்டார்களா?

நான்: இல்லைடா, தப்பு என்னுடையது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கினேன். 'வலை' முதலில் வந்தது, 'வளை' பக்கத்திலேயே இருந்தது. பார்க்காமல் தொட்டுவிட்டேன்.

அத்தை: உன்னைத் திட்டவில்லை. ஆனால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் 'பல்லிக்குப் போனேன்' என்று எழுதுகிறார்கள். வாயால் கேட்டால் சரியாகத்தான் சொல்கிறார்கள். கைக்குத்தான் எந்த 'ல' என்று தெரியவில்லை.

தம்பி: செய்தியைச் சுருக்கி அனுப்புவதாலா அத்தை?

அத்தை: சுருக்குவதால் இல்லை. நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் ஒரே 'எல்' போடுவதால். வலியும் வளியும் ஒன்றாகிவிடுகிறது. மனம், மணம் இரண்டுக்கும் ஒரே 'என்'. அரையும் அறையும் ஒரே 'ஆர்'. 'ழ' மட்டும் ஓரளவு தப்பித்தது, அதற்கு 'இசட்-எச்' போடும் பழக்கம் இருப்பதால்.

தம்பி: ஆனால் நாங்கள் ஆசைப்பட்டா ஆங்கில எழுத்துக்குப் போனோம்? பழைய குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். தமிழில் 70தான். 'கொ' என்று ஓர் எழுத்து போட்டால் இரண்டாகக் கணக்கு. 'வளைகாப்பு' நமக்கு ஐந்து எழுத்து, செல்போனுக்கு ஒன்பது. அனுப்பினாலும் பல போன்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

அத்தை: அது அன்றைக்கு நியாயம். இன்று எல்லாப் போனிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறதே.

மாலை 6.34
தாத்தா: இப்போதுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன். பத்திரம் எழுதிய காலத்தில் நாங்களும் சுருக்கியவர்கள்தான். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. மேற்படிக்கு ௸, அதை 'ஷை' என்று வாசிப்போம். ஒரு கிரயப் பத்திரத்தில் இருபது ஷை வரும்.

தம்பி: தாத்தா, இதைத் தட்டவே தெரிகிறதா உங்களுக்கு!

தாத்தா: உன் தங்கை போன வாரம் காட்டிக் கொடுத்தாள். ஓலைச்சுவடியில் இன்னும் ஒரு படி மேலே போய், மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார்கள். 'மன்னன்' என்பதை 'மனனன' என்று எழுதியிருக்கும். படிக்கிறவன் தடுமாறாமல் படிப்பான், முழுச் சொல்லும் அவனுக்குத் தெரியும். ௸ போட்ட எனக்கும் மேற்படி தெரியும். வளையல் என்று ஒரு முறைகூடக் கையால் எழுதாத குழந்தை எதைச் சுருக்குகிறது சொல்?

தம்பி: அது சரிதான் தாத்தா. எனக்கே 'கறுப்பு' எழுதும்போது கை நிற்கிறது.

அத்தை: அதற்கு 'கருப்பு' என்றும் எழுதலாம், பயப்படாதே. வளைக்கு ஒரு வழி சொல்கிறேன். எல்லாரும் ஒருமுறை 'வளை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாக்கே வளைகிறதா? அதுதான் ள. வலைக்கு நாக்கு பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

அக்கா: சொல்லிப் பார்த்தேன். உண்மைதான்! இவரும் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான்: இந்த முறை தமிழ் விசைப்பலகையிலேயே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பியிருக்கிறேன். நேரம் ஆனது, பரவாயில்லை.

இரவு 8.05
நான்: புது ப்ரூஃப் வந்துவிட்டது. தலைப்பு சரி. அத்தை, பார்த்துவிட்டீர்களா?

அத்தை: தலைப்பு அழகாக இருக்கிறது. மூன்றாவது வரி, 'வலையல் அணிவித்து வாழ்த்த'.

நான்: ஐயோ, அந்த வரியைத் தொடவே இல்லை. இதோ மாற்றுகிறேன்.

தாத்தா: மாற்று பாப்பா. அப்புறம் எனக்குத் தனியாக ஒன்று எடுத்து வை. தேதியைப் பக்கத்தில் என் கையால் ௵ ௴ ௳ போட்டு எழுதி, பிறக்கப்போகிற குழந்தைக்கு வைத்துக்கொள்கிறேன்.