பழைய ஜப்பான் காருக்கு எந்த ஹேண்ட்ஸ் ஃப்ரீ சரி வரும்?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்கு அடிக்கடி போய் வருகிறேன். கார் டொயோட்டா கொரோலா 121. புளூடூத் இல்லை, ஜப்பானிலிருந்து வந்த அதே ரேடியோ செட்தான். போனைக் கையில் பிடித்துக் கதைத்தபடி ஓட்டவும் ஏலாது.

சிகரட் லைட்டரில் செருகும், போன் சத்தத்தைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். ஜப்பான் செட் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். டிரான்ஸ்மிட்டர் தொடங்குவதே 87.5இல். மிஞ்சுகிற அந்தத் துண்டு இடத்திலும் மாங்குளம் தாண்டினால் ஏதோ வானொலி வந்து ஏறிவிடுகிறது. அம்மா மருந்து வாங்கிவரச் சொல்கிறா, பின்னால் நகைக்கடை விளம்பரம் பாடுகிறது! கண்ணாடியை இறக்கினால் மற்றப் பக்கத்துக்குக் காற்று இரைச்சல்தான் கேட்குமாம்.

சன் வைசரில் கொளுவும், தனி ஸ்பீக்கர் உள்ள கிட் நல்லதா? வெயிலில் நிற்கும் காரில் அதன் பற்றரி தாங்குமா? அல்லது செட்டையே மாற்றுவதா? மாற்றியவர்கள் மைக்கை எங்கே பூட்டினீர்கள், ஸ்டியரிங் பக்கமா, வைசருக்கு மேலேயா? ஏசி போட்டாலும் குரல் தெளிவாகப் போகுதா?

பாவித்தவர்கள் மட்டும் சொல்லுங்கோ. கடையில் கேட்டால் எல்லாமே திறம் சாமான்தான். வயரிங்கைக் குதறாமல் செய்கிற ஆள் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இருந்தால் உள்பெட்டியில் போடுங்கள்.