டெல்லிக் குளிரில் பார்த்த பறவைகள்: உங்கள் அனுபவம் என்ன?

மயூர்விஹார்வாசி:
யமுனைப் படித்துறை, ஜனவரி, பனிமூட்டம், படகு. எல்லோரும் எடுக்கும் அதே படம்தான் என்னிடமும் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. படகுக்காரர் ‘ஆவ், ஆவ்’ என்று கூப்பிட்டபடி காராசேவை விசிறினார். எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை, தலைக்கு மேல் முழுக்கக் கடற்காகங்கள். அதில் ஒன்று என் முகத்துக்கு நேரே அப்படியே சிறகடித்து நின்றது. சிவப்பு அலகு, நுனியில் கறுப்பு, வெளிறிய கண். கீழே சாக்கடை நாற்றம் அடிக்கும் கறுத்த தண்ணீர். இதற்காகவா இமயமலையைத் தாண்டி வந்தாய் என்று கேட்கத் தோன்றியது. அது கருந்தலைக் கடற்காகம்தானே?

ஓக்லா_ரசிகன்:
கண் வெளிறியிருந்தால் அது பழுப்புத்தலைக் கடற்காகம் சார். கருந்தலைக்குக் கண் கறுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் இரண்டுக்குமே தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டுதான் மிஞ்சும். பெயரை நம்பிப் போனால் குழப்பம்தான். பறக்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள்; கறுப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டு இருந்தால் பழுப்புத்தலை. அப்புறம், அந்தச் சேவு. உப்பு, எண்ணெய், மசாலா எல்லாம் ஒரு பறவை தின்னும் பொருளா? மீன், புழு, பூச்சி தின்ன வேண்டியதை நாம் இப்படிக் கெடுக்கிறோம். படம் வேண்டுமென்றால் கரையிலிருந்தே எடுக்கலாம். என் அனுபவம் சின்னது: ஓக்லா அணைக்கட்டுப் பக்கம் தட்டைவாயன் வாத்துகள் கரண்டி அலகால் தண்ணீரை அரித்தபடி வட்டம் போட்டன. அவ்வளவுதான்.

மயூர்விஹார்வாசி:
சேவு போட்டது நான் இல்லை சார். போடாதே என்று சொன்னால் படகுக்காரர் பிழைப்புக்கு யார் வழி சொல்வது?

துவாரகா அக்கா:
சண்டை போதும். நஜஃப்கர் ஏரிப் பக்கம், ஹரியானா எல்லையில், பச்சைக் கோதுமை வயலில் வரித்தலை வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தலையில் அந்த இரண்டு கறுப்புப் பட்டைகளும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பத்து வயதுப் பையன் ஒருவன் தகர டின்னைத் தட்டியபடி ஓடி வந்தான். மொத்தக் கூட்டமும் ஒரே சத்தமாக எழும்பிவிட்டது. கோபத்தில் வாயைத் திறந்தேன். அவன் திரும்பி, காலடியில் மொட்டையாகக் கிடந்த பயிரைக் காட்டினான். அதற்குமேல் என்ன சொல்வது? இன்னும் பதில் கிடைக்கவில்லை.

குருகிராம்_ராமு:
அக்கா, வரித்தலை வாத்துக்கு வயல் வயலாக அலைய வேண்டாம், குருகிராம் பக்கத்தில் இருக்கும் சுல்தான்பூர் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். 2021-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். ஏரியைச் சுற்றி நடைபாதை, ஏறிப் பார்க்கக் கோபுரங்கள் உண்டு. விடிகாலையில் போகாதீர்கள், பனிமூட்டத்தில் உங்கள் கையே தெரியாது. வெயில் வந்தபின் போனால் போதும். செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். தொலைநோக்கி எட்டு மடங்கு போதும், பெரிதாக வாங்கினால் கை நடுங்கும். என் பங்குக்கு, எங்கள் பால்கனி ஏசி பெட்டி மேல் கறுப்பு உடம்பும் செங்கல் நிற வயிறுமாக ஒரு குருவி வாலை உதறிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அக்டோபரில் வந்தது. பெயர் யாருக்காவது தெரியுமா?