ஏ3 தாளில் 1:100 என்று குறித்த படம் அளவு குறைந்து அச்சாவது ஏன்?

கேள்வி: கல்லடிப் படவரைஞர்

வணக்கம். மட்டக்களப்பில் வீட்டுப் படங்கள் வரையும் சிறிய அலுவலகமொன்றில் வேலை செய்கிறேன். கட்டட அனுமதிக்காக ஒரு வீட்டின் கிடைப்படத்தை ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் மில்லிமீற்றர் அலகில் வரைந்து, ஏ3 லேஅவுட்டில் (அச்சுத் தாளின் அமைப்பில்) வியூபோர்ட், அதாவது படத்தைக் காட்டும் சாளரம், ஒன்றை வைத்து, அதற்கு 1:100 என்ற அளவுத்திட்டத்தைக் கொடுத்தேன். பிடிஎஃப் ஆக்கிக் கடையில் அச்செடுத்துப் பார்த்தபோது, 12 மீற்றர் நீளமான வெளிச்சுவர் தாளில் 120 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 116 மி.மீ. மட்டுமே இருக்கிறது. திரையில் எல்லா அளவுகளும் சரியாகவே உள்ளன. மேசன்மார் படத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பார்ப்பவர்கள் என்பதால் இதை இப்படியே கொடுக்க மனம் வரவில்லை. அத்துடன், காணியின் நில அளவைப் படம் மீற்றர் அலகில் கிடைத்திருக்கிறது. அதையும் இதே தாளில் வைக்கும் முறையை அறிய விரும்புகிறேன்.

பதில்: வாவிக்கரை

தம்பி, நீங்கள் அளந்து பார்த்து எழுதியதால் காரணத்தைக் கணக்கிலேயே கண்டுகொள்ளலாம். 116ஐ 120ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.967 வருகிறது. ஏ3 தாளின் குறுகிய பக்கம் 297 மி.மீ.; லேசர் இயந்திரம் இரு ஓரங்களிலும் 5 மி.மீ. விட்டால் எஞ்சுவது 287 மி.மீ.; 287ஐ 297ஆல் வகுத்தாலும் அதே 0.966தான். ஆகவே உங்கள் வியூபோர்ட்டில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. பிடிஎஃப் கோப்பைத் திறந்த மென்பொருள், முழுத் தாளையும் அச்சிடக்கூடிய பரப்புக்குள் அடக்குவதற்காக 'ஃபிட்' என்ற தெரிவின்படி படத்தைச் சுருக்கியிருக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது 1:100 படமன்று, ஏறத்தாழ 1:103.4 படம்.

கடையில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று கேட்டு எடுங்கள். அப்படி எடுக்கும்போது ஓரம் வெட்டுப்படாமலிருக்க, சட்டக் கோட்டைத் தாளின் விளிம்பிலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே வரையுங்கள். ஓட்டோகேட்டின் பக்கமும் ஒரு முறை பாருங்கள்: லேஅவுட்டிலிருந்து அச்செடுக்கும்போது ப்ளொட் ஸ்கேல் (அச்சு அளவுத்திட்டம்) எப்போதும் 1:1 ஆகவே இருக்க வேண்டும், 'ஃபிட் டு பேப்பர்' அணைந்திருக்க வேண்டும். வீடு மொடல் ஸ்பேஸில் (படம் வரையும் வெளியில்) தன் உண்மை அளவில் இருக்கிறது, தாள் லேஅவுட்டில் தன் உண்மை அளவில் இருக்கிறது, சுருக்கம் நடக்கும் ஒரே இடம் வியூபோர்ட். இந்த ஒழுங்கைக் குலைத்து, அச்சிடும் வேளையில் இன்னொரு சுருக்கத்தைச் சேர்த்தால், எந்த எண் எங்கே மாறியதென்று பின்னர் தேடுவது பெரும் சிரமம்.

அளவுத்திட்டம் கொடுத்தவுடன் வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் சுட்டியின் சக்கரம் ஒரு தடவை உருண்டாலே 1:100 போய்விடும். தலைப்புப் பெட்டியில் எழுதிய எண் மட்டும் மாறாமல் நிற்கும். வியூபோர்ட்டின் சட்டத்தை அச்சாகாத லேயரில் போடுவதும் நல்லது.

நில அளவைப் படத்தை மில்லிமீற்றராக்க ஆயிரத்தால் பெருக்க வேண்டாம். இலங்கையின் தேசிய ஆள்கூறுகளில் அமைந்த படமென்றால் எண்கள் ஏற்கெனவே இலட்சங்களில் இருக்கும். பெருக்கினால் கோடிகளுக்குப் போய், ஹட்ச் என்னும் நிரப்புக் கோடுகள் சிதறத் தொடங்கும். மீற்றர் படத்தைத் தனிக் கோப்பாகவே வைத்து, வீட்டை அதற்குள் 0.001 மடங்காக எக்ஸ்ரெஃப் முறையில் (வெளிக் கோப்பின் இணைப்பாக) இணையுங்கள். தாள் மில்லிமீற்றரில் இருப்பதால், மீற்றர் படத்துக்கு 1:500 வேண்டுமென்றால் வியூபோர்ட்டில் கொடுக்க வேண்டியது 2எக்ஸ்பி, அதாவது படத்தின் ஓர் அலகு தாளில் 2 அலகு. 1:200 என்றால் 5எக்ஸ்பி. ஆயிரத்தை அளவுத்திட்ட எண்ணால் வகுத்தால் விடை வந்துவிடும்.

நம் பகுதிக் காணிக்கு 1:200ஐயே நான் தெரிவு செய்வேன். 10 பேர்ச் என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 10 மீற்றர் அகலமும் 25 மீற்றர் நீளமும் கொண்ட ஒடுக்கமான காணி 1:500இல் தாளின்மேல் 20க்கு 50 மி.மீ. மட்டுமே. அதற்குள் எல்லை இடைவெளி, கிணறு, மலசலகூடக் குழி, இவற்றுக்கிடையிலான தூரம் எல்லாவற்றையும் வாசிக்கும்படி எழுத முடியாது. 1:200இல் அது 50க்கு 125 மி.மீ. ஆகிவிடும்.

பதில்: சாய்ந்தமருது வரைவகம்

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே கூறியவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏ1 தாளுக்கு அமைத்த படத்தைச் செலவு கருதி ஏ3இல் எடுத்துத் தருமாறு வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அப்போது நீளங்கள் சரிபாதியாகி, 1:100 என்று எழுதியது 1:200 ஆகிவிடும், 2.5 மி.மீ. எழுத்தும் 1.25 மி.மீ. ஆகி வாசிக்க முடியாமல் போகும். ஆகவே ஏ3க்குத் தனி லேஅவுட் அமைத்து, எழுத்துகளையும் அளவுக் கோடுகளையும் அனொட்டேட்டிவ் முறையில் (அளவுத்திட்டத்துக்கேற்பத் தானே அளவு மாறும் முறையில்) வையுங்கள். அவை 1:100இலும் 1:50இலும் தாளின்மேல் ஒரே உயரத்தில் நிற்கும். எந்தத் தாளாயினும் கோட்டு அளவுத்திட்டம் (மீற்றர் குறித்த அளவுகோல் கோடு) ஒன்றை வரைந்துவிடுங்கள், சகோதரரே. படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்குவதால், தாளைக் கையில் எடுப்பவர் ஏமாறமாட்டார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 100 சதவீதத்தில் எடுத்தபோது சுவர் 120 மி.மீ. சரியாக வந்துவிட்டது. இன்னொரு ஐயம்: கடற்கரைக் காணி வடக்குத் திசைக்குச் சாய்வாக இருப்பதால் தாளில் கோணலாக விழுகிறது. படத்தைச் சுழற்றினால் ஆள்கூறுகள் கெட்டுவிடாதா?

பதில்: வாவிக்கரை

கெட்டுவிடும், ஆகவே படத்தைத் தொட வேண்டாம். வியூபோர்ட்டுக்குள் சென்று டிவியூ கட்டளையின் 'டுவிஸ்ட்' தெரிவால் பார்வையை மட்டும் திருப்புங்கள். வடக்கு அம்புக்குறியை மொடல் ஸ்பேஸிலேயே வைத்திருந்தால் அதுவும் தானாகத் திரும்பிச் சரியான திசையைக் காட்டும்.

பதில்: அம்பாறை நீர்ப்பாசனம்

வாய்க்கால் படம் வரைபவர்களுக்கும் இத்தொடர் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன். கல்லோயாப் பக்கத்துக் கிளை வாய்க்கால் போன்ற ஒன்றை நெடுக்குவெட்டுமுகமாக (நீளவாக்கில் வெட்டிய பக்கத் தோற்றமாக) வரைகையில், 700 மீற்றர் நீளத்தில் 35 செ.மீ. மட்டுமே இறக்கம் இருக்கலாம். 1:1000இல் அந்த இறக்கம் தாளில் 0.35 மி.மீ.; கண்ணுக்கே தெரியாது. கிடையாக 1:1000, நிலைக்குத்தாக 1:100 என்று வைத்தால் 3.5 மி.மீ. கிடைக்கும். ஆனால் ஒரு வியூபோர்ட் இரு அளவுத்திட்டங்களை ஏற்காது. ஆதலால் நில மட்டக் கோட்டையும் வாய்க்கால் அடிமட்டக் கோட்டையும் ஒரே பிளொக்காக்கி (ஒன்றாகச் சேர்த்த தொகுதியாக்கி), எக்ஸ் திசையில் 1, வை திசையில் 10 என்று செருகிவிட்டு, வியூபோர்ட்டுக்கு 1:1000 கொடுக்க வேண்டும். எழுத்துகளைப் பிளொக்குக்கு வெளியே வையுங்கள், இல்லையேல் அவையும் பத்து மடங்கு நீண்டுவிடும். மட்ட உயரங்களை அளவுக் கோட்டால் எடுக்காமல் எண்ணாகவே எழுதுங்கள். அந்தப் படத்தில் பரப்பளவும் எடுக்க வேண்டாம். கோட்டு அளவுத்திட்டம் இங்கே இரண்டு தேவை, கிடைக்கு ஒன்று, நிலைக்குத்துக்கு ஒன்று.