கல்லுக்கு மூன்றாவது சி.டி. ஸ்கேன்: டோஸைக் குறைக்கச் சொல்லலாமா?

எண்ணூர்க்காரன்:
தம்பிக்கு 27 வயது, துறைமுகத்தில் வேலை. நாள் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், கிட்னியில் கல் வந்துவிட்டது. ஆறு மாதத்தில் இரண்டு சி.டி. எடுத்தாயிற்று. கல் இறங்கிவிட்டதா என்று பார்க்க இப்போது மூன்றாவது எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் கதிர்வீச்சைக் குறைத்து எடுக்க முடியுமா என்று கேட்டேன், குறைத்தால் படம் தெளிவாக வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நிஜமா? அம்மா பயத்தில் தூங்கவே இல்லை.

கல்மண்டபம்:
ராயபுரம் பக்கம் சி.டி. டெக்னீஷியனாக இருக்கிறேன். அவர்கள் சொன்னது பாதி நிஜம். டோஸைப் பாதியாக்கினால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் சுமார் 40 சதவீதம் கூடும். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? கல்லீரலில் சின்னக் கட்டியைத் தேடினால் அந்த மணலில் அது காணாமல் போகும். கல் அப்படி இல்லை, எலும்பு போலப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், மணலுக்கு நடுவிலும் தப்பாது. அதனால்தான் கல்லுக்கென்றே லோ டோஸ் கே.யூ.பி., அதாவது கிட்னி, சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை வரை குறைந்த டோஸில் எடுக்கும் சி.டி. இருக்கிறது. ரொம்பப் பருமனான உடம்பு என்றால் மட்டும் அது சரிப்படாது.

புது மெஷின்களில் ஐட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்று உண்டு, குறைந்த டோஸில் எடுத்த படத்திலிருந்தும் மணலைக் கழித்துத் தரும். அது இல்லாத மெஷினிலும் எங்கள் கையில் செய்ய நிறைய இருக்கிறது. ஆளைச் சரியாக நடுவில் படுக்க வைக்காவிட்டால் மெஷின் உடம்பின் அளவைத் தப்பாக எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே கரண்டைக் கூட்டிவிடலாம், டோஸும் ஏறும். கையைத் தலைக்கு மேல் தூக்க வைக்காவிட்டாலும் அதே கதை. அப்புறம், கிட்னியின் மேல் நுனியில் ஆரம்பிக்க வேண்டியதை நெஞ்சிலிருந்தே ஆரம்பிப்பது. கூட்டமான நாளில் இதெல்லாம் நடக்கும், எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது.

பெரம்பூர் பஸ்:
பழைய ரிப்போர்ட்டோடு டோஸ் ஷீட் இருக்கும், அதில் டி.எல்.பி. என்ற எண்ணைப் பாருங்கள், அந்த ஸ்கேனில் மெஷின் கொடுத்த மொத்தக் கதிர்வீச்சின் அளவு அது. வயிற்று ஸ்கேனுக்கு அதை 0.015 ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் கணக்கு வரும், உடம்புக்குக் கதிர்வீச்சால் வரும் பாதிப்பை அளக்கும் அலகு அது. இயற்கையிலிருந்தே எல்லோருக்கும் உலக சராசரியாக வருஷத்துக்கு 2.4 வருகிறது, அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

எண்ணூர்க்காரன்:
பார்த்தேன் சார். இரண்டாவது ஸ்கேன் 620, அதாவது 9.3. முதல் ஸ்கேன் 1,340! அது 20க்கு மேல் போகிறதே?

கல்மண்டபம்:
முதல் தடவை கான்ட்ராஸ்ட் ஊசி, அதாவது உள்ளுறுப்புகள் படத்தில் எடுப்பாகத் தெரிய ஏற்றும் மருந்து போட்டிருப்பார்கள். ஊசிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒரே இடத்தை இரண்டு தடவை எடுத்தால் டோஸும் இரண்டு மடங்கு. கல்லை மட்டும் பார்க்க ஊசி தேவையில்லை. லோ டோஸில் இது 3, 4க்குள் அடங்கும். பயப்படாதீர்கள் தம்பி, அதற்காகக் காய்ச்சலோ தாங்க முடியாத வலியோ வந்தால் ஸ்கேன் வேண்டாம் என்று அடம் பிடிக்கவும் கூடாது.

வண்ணை அக்கா:
முதலில் டாக்டரிடமே அல்ட்ராசவுண்டும் ஒரு எக்ஸ்ரேயும் போதுமா என்று கேளுங்கள். என் வீட்டுக்காரருக்கு அதிலேயே வேலை முடிந்தது.

எண்ணூர்க்காரன்:
கேட்டேன் அக்கா. முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் தெரியாவிட்டால் லோ டோஸ் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலை நாலு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமாம். தண்ணீரே குடிக்காதவனுக்கு இது நன்றாக வேண்டும் என்று அம்மா சிரிக்கிறார்.