பழைய நீராவி எஞ்சின் மாடலுக்கு எண் மாற்றியவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருநகர்:
சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஹார்ன்பி கம்பெனி மாடல், ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சின். அதன் பழைய எண் 4472-ஐ அழித்துவிட்டு, பிற்கால எண் 60103 போட உட்கார்ந்தேன். பஞ்சுக்குச்சி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அவ்வளவுதான். முதல் 4 மெல்ல மங்கிக் கரைந்தது. அடுத்த 4-இல் கொஞ்சம் அழுத்திவிட்டேன். பஞ்சு பச்சையாகிவிட்டது. கேபின் பக்கத்தில் கடுகளவு இடத்தில் பிளாஸ்டிக் பல்லிளித்தது. சித்தப்பா வேட்டித் துணி சுற்றி பீரோவில் வைத்திருந்த வண்டி அது. மூன்று மாதமாகப் பெட்டியைத் திறக்கவில்லை.

திண்டுக்கல் ரோடு:
தம்பி, பச்சை போனதற்கா இவ்வளவு வருத்தம்? முதலில், எந்த வருடத்து 60103? நிஜ எஞ்சினுக்கு அந்த எண் வந்தது 1948 டிசம்பரில். கரும்பச்சை 1952-இல். இரட்டைப் புகைபோக்கி 1959-இல், புகைத் தடுப்புத் தகடுகள் 1961 கடைசியில், 1963 ஜனவரியில் ஓய்வு. கரும்பச்சை வருடம் என்றால் உன் இளம்பச்சை எப்படியும் போக வேண்டியதுதான். நான் ஒற்றைப் புகைபோக்கி வண்டியில் தகடு மாட்டி வைத்தேன். இன்றும் கண்ணை உறுத்துகிறது. அப்புறம், எண் ஒட்டுமுன் அந்த இடத்துக்கு பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் அடி. பளபளப்பில்லாத மேட் பரப்பில் டிரான்ஸ்ஃபர் (எண் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டினால் ஓரத்தில் வெள்ளி பூத்தது போலத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவை, தானாக நகரும்வரை இழுக்காதே. ஒரு நாள் காயட்டும். கடைசியாக மேட் வார்னிஷ்.

உசிலம்பட்டி:
அண்ணே, அவர் கேட்டது அனுபவம்தானே. என் தாத்தா மீட்டர் கேஜில் ஃபயர்மேன். ஒய்.பி. வகை நீராவி எஞ்சினில் போனவர். என்னிடம் இருந்ததும் இதே பழைய ஹார்ன்பிதான். சக்கர அமைப்பு ஒய்.பி. மாதிரியே 4-6-2 (முன்னால் 4, நடுவில் 6, பின்னால் 2 சக்கரம்) என்பதால் அவர் கையில் கொடுத்தேன். பார்வை மங்கிவிட்டது, நகத்தால் தடவித்தான் பார்த்தார். பாய்லர் பக்கத்தில் நகம் நின்றது. கைப்பிடிக் கம்பிக்கு அடியில் நகத்தை நுழைக்கப் பார்க்கிறார், நுழையவில்லை. அது பாய்லரோடு சேர்த்து வார்த்த வெறும் மேடு. "இதைப் பிடிக்க முடியாதேப்பா" என்றார். அன்றே பிளேடால் செதுக்கி எடுத்துவிட்டு, துளை போட்டு, பித்தளைக் கம்பி மாட்டினேன். மறுபடி கொடுத்தபோது நகம் உள்ளே போனது. ஒன்றும் சொல்லவில்லை, ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். அவர் வேலை பார்த்த எஞ்சின் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இப்போது கேட்க ஆளில்லை. கேபினில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது.

திருநகர்:
பெட்டியைத் திறந்துவிட்டேன். தம்பி, அந்தக் கம்பி எத்தனை மி.மீ.?

உசிலம்பட்டி:
0.45. துளைக்கு 0.5 பிட், கையாலேயே திருகுங்கள் அண்ணே.