ஆறுமணிக்குருவியின் முகப்படம்: போனில் குரல் போட்டுக் கூப்பிட்டது சரியா?

ரப்பர்க்காட்டான்: குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நேற்று எடுத்த படம். முகம் மட்டும், திரை முழுக்க. கண்ணின் கறுப்புப் பட்டைக்கு மேலே போகிற மெல்லிய வெள்ளைக் கோடு, அலகு நுனியில் ஒட்டிய செம்மண், எல்லாம் தெரிகிறது. போனில் அதன் குரலைப் போட்டேன், மூன்றாவது தடவையிலேயே ஆறு மீட்டருக்குள் வந்து நின்றுவிட்டது.

தேரூர்க்குளம்: படம் அருமை, அதை மறுக்கவில்லை. ஆனால் அது உனக்காக நிமிர்ந்து நிற்கவில்லை மக்கா, தன் இடத்துக்கு இன்னொருத்தன் வந்துவிட்டான் என்று சண்டைக்கு வந்திருக்கிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இவ்வளவு தூரம் பறந்து வருகிற பறவை. சருகைக் கிளறிப் புழு தின்னவேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையவிட்டிருக்கிறாய்.

ரப்பர்க்காட்டான்: அண்ணே, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான் என்று எனக்கும் தெரியும். இங்கே அது கூடே கட்டுவதில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் என்ன? மொத்தம் ஐந்து நிமிஷம். பால்வெட்டுகிற ஆட்கள் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கிறார்கள், அதற்கு ஓடாத பறவை இதற்கா செத்துவிடும்?

தேரூர்க்குளம்: பால்வெட்டுகிறவர் அதைக் கூப்பிடுவதில்லையே. உனக்கு ஐந்து நிமிஷம், சரி. படத்தைப் பார்த்து நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள், ஆளுக்கு ஐந்து நிமிஷம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன, அதற்கப்புறம் எங்கள் கரையில் கேமரா இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நான் மீன்கொத்தியை எடுப்பது ஓரமாக நிறுத்திய ஆட்டோவுக்குள் இருந்துதான், வண்டிக்கு அது அவ்வளவாக மிரளாது. இறங்கி ஓரடி வைத்தால் போச்சு.

மணக்குடி அக்கா: சண்டைக்கு நடுவில் ஒன்று கேட்கிறேன் தம்பி. நவரங்கம் என்று வடக்கே பேர் வாங்கிய பறவைக்கு முகத்தை மட்டும் ஏன் வெட்டினாய்? இறக்கை நீலம் எங்கே, வாலடிச் சிவப்பு எங்கே? அந்த நீலம் சாயம் இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் சிதறி வருவது, மேகம் மூடிய காலையில்தான் வெளுக்காமல் கிடைக்கும். அப்புறம், ஆறு மீட்டரில் 600 மி.மீ. லென்ஸுக்கு முன்பின்னாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். கண் கூர்மை, கழுத்து கஞ்சி. பன்னிரண்டு மீட்டரிலிருந்து, தரையில் படுத்து, முழுப் பறவையாக எடுத்திருந்தால் போனும் வேண்டாம், இந்த வாக்குவாதமும் வேண்டாம்.

ரப்பர்க்காட்டான்: கழுத்து கஞ்சி என்பது உண்மைதான் அக்கா, அதனால்தான் கீழே வெட்டினேன். ஆனால் குரல் போடாமல் நாலு நாள் படுத்துப் பார்த்தேன், வாலைத்தான் காட்டியது.

தேரூர்க்குளம்: நாலு நாளா! நான் இரண்டு சீசன்.

ரப்பர்க்காட்டான்: சரி, ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு வாருங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். ஒத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம், குருவி வராவிட்டால் டீக்காசு உங்களுடையது.

மணக்குடி அக்கா: மழை பெய்த தோட்டம், அட்டை இருக்கும். உப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.